செய்பால் நிலையத்துக் கூரை

செய்பால்,
12 மார்ச் 1992

அன்புத் தம்பி ஒவீதியோவுக்கு,

அக்கா தெல்மிரா எழுதுகிறேன். என் முழங்கால்கள் மழையை முன்கூட்டியே சொல்கின்றன, மற்றபடி குறையில்லை. உன் வீட்டுக்காரி எலிதா சுகமா? உன் நெஞ்செரிச்சல் எப்படி இருக்கிறது?

நெஞ்செரிச்சலைக் கேட்டாயிற்று, இனி என் வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன். நேற்றுக் காலை என் டிக்கெட் ஜன்னலுக்கு நேர் எதிரே சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். நம் நிலையத்தை நுவேவா ரிபேரா என்ற கம்பெனி எடுத்துக்கொள்கிறதாம். நடைமேடைகளுக்கு மேலே நிற்கும் இரும்புக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு அங்கே மூன்று மாடிக்குக் கடைகள் கட்டுவார்களாம். ரயிலுக்கு? ஓரமாக ஒரு கொட்டகை போட்டுத் தருவார்களாம், மாடு கட்டுவதற்குப் போடுவதுபோல.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். கீழே ஒரு வரி இருந்தது: ‘தொழில்நுட்ப அறிக்கையின்படி, பழைய கூரை 1943 தீ விபத்தில் அழிந்துவிட்டது, இப்போதிருப்பது பிற்பாடு மலிவாகப் போட்டது, வரலாற்று மதிப்பு ஏதும் இல்லை.’ எழுதினவர் பெயர் இல்லை. பெயர் போட வெட்கம் போலிருக்கிறது.

1908-இல் திறந்த கூரை அது! துண்டுக்குத் துண்டு எண் குத்தி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து, ஆற்றுப் படகுக்கு மாறி, இத்தாலிக்காரனும் பாஸ்க் நாட்டுக்காரனும் கரையோரத்துக் குவாரனிக்காரனும் சேர்ந்து தூக்கி நிறுத்தியது. உனக்கு நான் சொல்ல வேண்டுமா? 1959-இல் கட்டடக்கலைப் படிப்புக்காக நீதானே அதை முழுக்க அளந்து வரைந்தாய். நீ ஏணியில், நான் கீழே நாடாவின் மறுமுனையில். நீ எண்ணைக் கத்துவாய், நான் வரைபடத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்வேன். கூரையில் விழுகிற மழை அந்தத் தூண்களின் வயிற்றுக்குள்ளேயே இறங்கி ஓடுகிறது என்று கண்டுபிடித்த அன்று, நீ ஒரு தூணில் காதை வைத்தபடி மழை விடும்வரை நகரவில்லை.

எழுபத்தைந்து வயதைத் தாண்டிய கட்டடம் என்று நிரூபித்தால் நகர மன்றம் பொது விசாரணை வைத்தே ஆக வேண்டும். நிலையச் சிற்றுண்டிக் கடையில் கூடிக் குழு அமைத்துவிட்டோம். கூரை மராமத்து பார்த்த ரெமிஹியோ அண்ணன் தலைவர், நான் செயலாளர். உன் வரைபடங்களை உடனே அனுப்பு. அவற்றைவிடப் பெரிய சாட்சி இந்த ஊரில் இல்லை.

எலிதாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

தெல்மிரா


புவெனோஸ் ஐரெஸ்,
2 ஏப்ரல் 1992

அன்பு அக்காவுக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததுமே எலிதா மாத்தே தேநீர் போட்டு வைத்து, ‘உட்கார்ந்து நிதானமாகப் படி’ என்றாள். இருவரும் சுகம். உன் முழங்காலுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன்.

வரைபடங்கள் இப்போது என்னிடம் இல்லை. இந்த வீட்டுக்கு மாறியபோது எத்தனையோ போயின. மன்னித்துக்கொள்.

அக்கா, இந்த விஷயத்தில் உன்னை நீ ரொம்பவும் வருத்திக்கொள்ளாதே. இவையெல்லாம் மேலே முடிவாகிறவை. நமக்கு அந்தக் கூரை ஒரு நினைவு. கட்டட ஆள் வேறு கண்ணால் பார்ப்பான். இரும்புக்கும் களைப்பு உண்டு. உனக்கும் ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது. அதை அமைதியாகக் கழிக்கக் கூடாதா?

அறிக்கை முழுவதையும் யாராவது பார்த்தீர்களா? கம்பெனி சாதாரணமாகத் தராது.

எனக்கு நல்ல வேலை ஒன்று வந்திருக்கிறது. விவரம் பிறகு.

உன் தம்பி,
ஒவீதியோ


செய்பால்,
13 ஏப்ரல் 1992

அன்புத் தம்பிக்கு,

களிம்பு வந்தது. குதிரைக்குப் போடுகிற வாசனை, ஆனால் கேட்கிறது. உனக்கு நல்ல வேலை வந்ததில் மெத்த மகிழ்ச்சி. முப்பது வருடமாகப் பிறத்தியாருக்குக் குளியலறையும் கார் நிறுத்தும் கொட்டகையும் கட்டினாய். உன் திறமையை இப்போதாவது ஒருத்தன் கண்டானே.

ஆனால் ‘அமைதியாகக் கழி’ என்கிறாயே, அதற்கு உன் காதைத் திருக வேண்டும். யாருடைய கூரையை யார் பிடுங்குவது? அறிவிப்பை ரெமிஹியோ அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். மனுஷன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். “நாப்பத்து மூணுல நெருப்புப் பிடிச்சது சாமான் கொட்டகைம்மா! கூரைக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு தண்டவாளம் கிடக்குது. எனக்கு அப்போ பதினேழு வயசு, வாளி வாளியா தண்ணி சுமந்தவன் நான். கூரைக்குப் புகை மட்டும்தான் பட்டுது. இதை எழுதுனவன் இந்த ஊர்ப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுத்திருக்க மாட்டான்!”

நானும் அதையேதான் சொல்கிறேன். இங்கே ஒரு நாள் நின்றவன்கூட அப்படி எழுத மாட்டான். தலைநகரத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பார்க்காத கூரைக்கு மரணச் சான்றிதழ் எழுதுகிறான் பாவி.

உன் கல்லூரி நூலகத்தில் வரைபடத்தின் நகல் இருக்குமே? ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எழுது. காத்திருக்கிறேன்.

தெல்மிரா


புவெனோஸ் ஐரெஸ்,
20 ஜூன் 1992

அன்பு அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. தபால் ரயிலை நிறுத்திய பிறகு கடிதங்கள் எங்கெங்கோ தங்கிவிடுகின்றன. எலிதாவுக்குச் சளி பிடித்துவிட்டது.

கல்லூரி நூலகத்துக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. புதிதாக வருகிற எல்லாமே கெடுதல் இல்லை, அக்கா. கடைகள் வந்தால் வேலை வரும். ஊர்ப் பிள்ளைகள் இங்கே ஓடி வராமல் அங்கேயே பிழைப்பார்கள். இதையும் கொஞ்சம் யோசி.

குளிர் கூடுகிறது. கம்பளி போட்டுக்கொள்.

ஒவீதியோ


செய்பால்,
1 ஜூலை 1992

அன்புத் தம்பிக்கு,

எலிதாவுக்குத் தேனும் எலுமிச்சையும் கொடு. என் உடம்பைக் கேட்காதே. போன வாரம் அது ஐம்பத்தெட்டு வயது உடம்பு என்பதையே மறந்துவிட்டது.

ஆமாம், ஏறினேன். கடிகாரக் கோபுரத்துப் படி தொண்ணூற்றாறு. நிலைய அதிகாரி குறுக்கே வந்து நின்றார். “சென்யோரா, மேல போறதுக்கு உங்களுக்கு அனுமதிச் சீட்டு இல்ல” என்றார். “முப்பத்தோரு வருஷமா இந்த ஊருக்கே சீட்டுக் கிழிச்சுக் குடுக்கறவ நான். எனக்கு ஒண்ணு கிழிச்சுக்கறேன், வழி விடுங்க” என்றேன். விட்டார்.

ரெமிஹியோ அண்ணன் முன்னால், நான் பின்னால். மழைநீர்க் கால்வாயை ஒட்டிய நடைபாதையில் போய் ஏழாவது தூணின் உச்சியை அடைந்தோம். அவர் சுரண்டியால் வண்ணத்தை உரித்தார். சாம்பல், பச்சை, அதற்கடியில் மஞ்சள், மறுபடி சாம்பல். “கவர்மெண்டு மாறுனா ஒரு கலர், மந்திரி மாறுனா ஒரு கலர்” என்று திட்டிக்கொண்டே உரித்தார். பதினான்கு பூச்சு. அதற்கும் கீழே இரும்பிலேயே வார்த்த எழுத்து புடைத்துக்கொண்டு வந்தது. வார்ப்பாலையின் பெயர், தூணின் எண், 1906.

“எரிஞ்சுபோச்சாம்ல? எரிஞ்ச இரும்புல எழுத்து இப்படி முழிச்சுக்கிட்டு நிக்குமா?” என்றார். அழுதார் என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். மூக்கைச் சிந்தினார் என்று வைத்துக்கொள்.

படம் எடுத்து மன்றத்துக்குக் கொடுத்துவிட்டோம். விசாரணை உறுதி! அறிக்கை முழுவதையும் எங்களுக்குத் தரும்படி கம்பெனிக்கு உத்தரவும் ஆகிவிட்டது. அடுத்த வாரம் கைக்கு வரும். அந்தப் பெயரில்லாத மகானின் பெயரை அப்போது பார்த்துக்கொள்கிறேன். இந்த ஊரில் அவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காதபடி செய்வேன்.

வெற்றிக் களிப்புடன்,
தெல்மிரா


செய்பால்,
11 ஜூலை 1992

ஒவீதியோ,

உடம்பைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை, நீயும் கேட்காதே.

அறிக்கை வந்தது. கையெழுத்துக்குப் போகும் முன்பே, ஒன்பதாம் பக்கத்தில் தெரிந்துவிட்டது. ‘இரும்புக்கும் களைப்பு உண்டு.’ இதை எங்கே படித்தோம் என்று யோசித்தேன். உன் கடிதம் சமையலறை அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்க்கும் தைரியம் வரவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

வீடு மாறியபோது தொலைந்த வரைபடம் அங்கே இருந்தது. இப்போது அளந்ததுபோலக் காட்ட, மூலையில் இருந்த தேதியைச் சுரண்டியிருக்கிறாய். சுத்தமான வேலை. ஆனால் பதிமூன்றாவது வளைவின் ஓரத்தில், எண்ணுக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. ‘பசிக்குது, இறங்கி வா.’ அது என் கையெழுத்து. இருபத்தைந்து வயதில், மதியம் மூன்று மணிக்கு, உனக்காக நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் எழுதியது.

தெரியாமல் எழுதியிருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன். நீ ஒவ்வொரு ஆணியையும் எண்ணியவன். எல்லாம் தெரிந்து, உட்கார்ந்து, பேனாவைத் திறந்து எழுதியிருக்கிறாய். நான் இங்கே நடுத்தெருவில் நின்று அந்த அறிக்கைக்காரனைச் சபித்ததை நீ அங்கே படித்துக்கொண்டு, எனக்கு முழங்கால் களிம்பு அனுப்பியிருக்கிறாய்! களிம்பைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

குழுவில் எல்லோரும் கையெழுத்தைப் பார்த்தார்கள். நம் குடும்பப் பெயர் இந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லை. ரெமிஹியோ அண்ணன் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பதில் எழுத உனக்கு ஏதாவது இருக்கிறதா?

தெல்மிரா


புவெனோஸ் ஐரெஸ்,
30 ஆகஸ்ட் 1992

அக்கா,

ஏழு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். நலம் கேட்க எனக்குத் தகுதியில்லை என்று தெரியும். இருந்தாலும், நீ எப்படி இருக்கிறாய்?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வருடக் கடைசியில் நுவேவா ரிபேராவின் காஸ்தெக்ஸ் என்பவர் என்னைத் தேடி வந்தார். நிலையத்தை அளந்தவன் நான் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. “உங்க கையெழுத்து போதும். புதுக் கட்டடம் முழுக்க உங்க வடிவமைப்பு. வாசல்ல உங்க பேரைக் கல்லுல வெட்டறோம்” என்றார். எனக்கு ஐம்பத்தைந்து வயது. நான் கட்டிய எதிலும் என் பெயர் இல்லை. குளியலறைச் சுவரில் யார் பெயர் எழுதுவார்கள்? அவர் போன பிறகு தாளை விரித்து வரைய ஆரம்பித்தேன். எழுந்தபோது விடிந்திருந்தது. அப்படி வரைந்து முப்பது வருடம் ஆகியிருந்தது.

நான் மறுத்தாலும் வேறு ஒருவன் போடுவான், கூரை எப்படியும் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு உன் முதல் கடிதம் வந்தது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது.

நீ எழுதிய அந்த வரியை நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே. பார்த்தேன். பிளேடு கையில்தான் இருந்தது. அதைச் சுரண்ட முடியவில்லை.

அறிக்கை பொய் என்று ஒப்புக்கொண்டு ஒரு தாள் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். விசாரணையில் நீ அதைப் படித்துவிடு.

ஒவீதியோ


செய்பால்,
8 செப்டம்பர் 1992

ஒவீதியோ,

வரியைச் சுரண்ட முடியவில்லையாம்! தேதியைச் சுரண்டிய கைக்கு அதற்குள் நெஞ்சு முளைத்துவிட்டதா? இதைப் படித்து நான் உருகிவிடுவேன் என்றுதானே எழுதினாய்? உருகவில்லை.

உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். நாடாவைப் பிடிக்க ஒரு காலத்தில் வந்தேன். பொய்யைத் திரும்பப் பெற உனக்கு வாயாக வர மாட்டேன். தபாலில் வந்த தாளைக் காஸ்தெக்ஸ் ஒரு நிமிடத்தில் ‘போலி’ என்பார், உனக்கும் அது வசதியாகப் போகும்.

விசாரணை நவம்பர் 14, சனிக்கிழமை காலை பத்து மணி, முதல் வகுப்புக் காத்திருப்புக் கூடம். பொய்யை எழுதியது நீ. சொல்ல வேண்டியதும் நீ. வந்தால் விடுதியில் தங்கிக்கொள். என் வீட்டில் இடம் இல்லை.

தெல்மிரா


செய்பால்,
28 நவம்பர் 1992

அன்பு எலிதாவுக்கு,

உன் சளியும் இருமலும் போய்விட்டனவா? அவன் ஊருக்கு வந்து திரும்பியதைப் பற்றி உன்னிடம் வாயே திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அவன் சொல்ல மாட்டான். நானே சொல்கிறேன்.

கூடம் நிரம்பி, சனம் நடைமேடைவரை நின்றது. ரெமிஹியோ அண்ணன் 1906 படத்தைக் காட்டினார். காஸ்தெக்ஸ் எழுந்து, “ஒரு தூண்ல எழுத்து இருந்தா மத்ததெல்லாம் பழசாயிடுமா? பழைய இரும்புல ஒண்ணை எடுத்து நட்டிருக்கலாமே? எங்க நிபுணர் எழுதினதைப் படிங்க” என்றார். பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள், எலிதா. மன்ற உறுப்பினர்களும்தான்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவன், “அந்த நிபுணர் நான்தான்” என்றான். அவன் வந்ததே எனக்குத் தெரியாது. மெலிந்துபோயிருந்தான். முன்னால் நடந்து வந்தபோது சனம் சீழ்க்கை அடித்தது. காலணிக் கடைக்காரர் மனைவி பெஞ்சின் மேல் ஏறி நின்று, “பொய் எழுதுன கை எதுய்யா? தூக்கிக் காட்டு!” என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவன் தூக்கினான். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி அப்படியே நின்றான். சிரிப்பு நின்றுவிட்டது. “இந்தக் கைதான்” என்றான்.

பிறகு தாள் எதையும் பார்க்காமல் பேசினான். இருபத்தோரு வளைவும் அசல். தூண்கள் நாற்பத்திரண்டும் அசல். தீ கூரையைத் தொடவே இல்லை. தான் அளந்தது 1959-இல், தேதியைத் தானே அழித்தது. ஒரு வளைவு எத்தனை துண்டு, ஒரு துண்டுக்கு எத்தனை ரிவெட் ஆணி என்று சொல்லிக்கொண்டே போனான். மன்றத்தில் ஓட்டெடுத்தபோது ஏழு பேர் கூரைக்கு, ஆறு பேர் கம்பெனிக்கு. ஓர் ஓட்டில் பிழைத்தது.

சனம் ரெமிஹியோ அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டது. உன் கணவனிடம் ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு மதிய முறை இருந்தது, ஜன்னலுக்குப் போய்விட்டேன்.

மூன்று மணிக்கு அவன் வரிசையில் வந்தான். “புவெனோஸ் ஐரெஸுக்கு ஒண்ணு” என்றான்.

எல்லோரிடமும் கேட்பதுபோலக் கேட்டேன். “போக மட்டுமா, போய்த் திரும்பவா?”

“நீயே சொல்லேன், அக்கா.”

“டிக்கெட் வாங்கறவர்தான் சொல்லணும். பின்னாடி ஆள் நிக்குது.”

“போக மட்டும்” என்றான். கிழித்துக் கொடுத்தேன். அவன் நடைமேடைக்குப் போய் மறையும்வரை அடுத்தவருக்குச் சீட்டுக் கிழிக்கவில்லை. அதை அவனிடம் சொல்லிவிடாதே. என் கோபம் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

உன் நாத்தனார்,
தெல்மிரா


புவெனோஸ் ஐரெஸ்,
15 ஏப்ரல் 1993

அன்பு அக்காவுக்கு,

எலிதா நலம். நானும் இருக்கிறேன். ஒரு வருடத்துக்கு என் கையெழுத்து செல்லாது என்று எங்கள் கட்டடக்கலைஞர் சங்கம் தீர்மானித்துவிட்டது. அது நியாயம். இப்போது ஒரு தச்சரிடம் அளவு எடுத்துக் கொடுக்கும் வேலை.

செய்பால் ரயிலை அடியோடு நிறுத்திவிட்டதாகப் பத்திரிகையில் நான்கு வரி வந்திருந்தது. அந்த நான்கு வரியைப் படித்ததிலிருந்து உன் நினைவாகவே இருக்கிறேன்.

நான் வரட்டுமா?

ஒவீதியோ


செய்பால்,
26 ஏப்ரல் 1993

ஒவீதியோவுக்கு,

பிழைத்துக் கிடக்கிறேன். எலிதாவிடம் அவள் அனுப்பிய சால்வை கதகதப்பாக இருக்கிறது என்று சொல்.

மார்ச் பத்தாம் தேதி நடைமேடையில் கடைசி வண்டிக்கு நான் கையாட்டவில்லை. செத்த வீட்டில் கையாட்டுவார்களா? மறுநாள் தெருவில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டு, “எப்படியோ கூரையைக் காப்பாத்திட்டீங்க, வாழ்த்துகள்!” என்றார். அவர் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கி அவர் தலையிலேயே அடிக்கலாம்போல வந்தது. ரயில் வராத இடத்துக்குக் கூரை எதற்கு? புறாவுக்கா?

இன்னும் கேள். நிலையத்தை அருங்காட்சியகம் ஆக்குகிறார்களாம். டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் மெழுகுப் பொம்மை ஒன்றை உட்கார்த்தப் போகிறார்களாம். கலாச்சாரத் துறையிலிருந்து ஓர் இளைஞி வந்து, “உங்க பழைய சீருடையைக் குடுத்தீங்கன்னா பொம்மைக்குப் போட்டுப் பார்க்கலாம், சென்யோரா” என்றாள். பாவம், மரியாதையாகத்தான் கேட்டாள். “பொம்மை எதுக்குப் பொண்ணே? உசுரோட ஒருத்தி இருக்கா, அவளே உக்காருவா” என்றேன்.

உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்குச் சீருடை போட்டுக்கொண்டு போய் ஜன்னலைத் திறக்கிறேன். முதல் நாள் ரெமிஹியோ அண்ணன் மட்டும் வந்து, “தலைநகரத்துக்கு ஒண்ணு குடும்மா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றார். நோட்டுப் புத்தகத்தில் பெயர், போகும் ஊர், போகும் காரணம், கையெழுத்து. மறுநாள் பதினோரு பேர். சனிக்கிழமை வரிசை கடிகாரக் கோபுரத்தைத் தாண்டிவிட்டது. மகளைப் பார்க்க, பரீட்சை எழுத, கோழி விற்க, சும்மா போய்வர. பேருந்துக்கு வழியில்லாதவர்கள், பேருந்தே போகாத ஊர்க்காரர்கள். நோட்டு நிரம்பியதும் அமைச்சகத்துக்குக் கொண்டுபோவோம். ‘பயணிகள் இல்லை’ என்று சொல்லித்தானே நிறுத்தினார்கள்? அதையும் எவனோ ஒரு நிபுணன் எழுதிக் கொடுத்திருப்பான்.

வரட்டுமா என்று கேட்கிறாய். இரவுப் பேருந்து காலை ஏழே காலுக்குப் பெட்ரோல் நிலையத்தில் இறக்கிவிடும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு நிலையத்துக்கு வா. எங்கே போக வேண்டும், ஏன் போக வேண்டும் என்பதை யோசித்து வைத்துக்கொள். உண்மையான காரணமாக இல்லாவிட்டால் எழுத மாட்டேன்.

வரிசையில் கடைசியில் நில். தம்பி என்று முன்னால் விடச் சொல்லாதே.

தெல்மிரா